மணமுறிவு 43 விழுக்காடு கூடியது உண்மையா?

2021-இல் 43,936, 2022-இல் 62,890. மலேசியாவில் மணமுறிவு ஒரே ஆண்டில் 43 விழுக்காடு கூடிவிட்டதென்று உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் யாராவது போட்டிருப்பார்கள். கொஞ்சம் பொறுங்க. கோவிட்டுக்கு முந்திய 2019-லேயே 56,975. எம்சிஓ காலத்தில் நீதிமன்றங்கள் முடங்கின. தேங்கிய வழக்குகள் பிறகுதான் நகர்ந்தன.

இந்த எண்ணிக்கை உறவு முறிந்த நாளைச் சொல்வதில்லை, அது சட்டப்படி முடிந்த நாளைத்தான் சொல்கிறது. கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ பதிவுத் திருமணம் செய்த, முஸ்லிம் அல்லாதவரா நீங்கள்? உங்களுக்கு 1976-ஆம் ஆண்டுச் சட்டம். முதல் ஈராண்டுக்குள் பொதுவாக மனுவே போட முடியாது. இருவரும் சம்மதித்தால் நேரே உயர் நீதிமன்றம். ஒருவர் மட்டும் கேட்டால், பெரும்பாலும் முதலில் தேசியப் பதிவிலாகாவின் சமரசக் குழு; அங்கேயே ஆறு மாதம் வரை போகலாம். அதுவரை, அம்மா வீட்டுக்குத் திரும்பிவிட்ட அக்கா கணக்கில் 'திருமணமானவர்'தான்.