சாண்ட்விச் என்றொரு விலைச்சீட்டு

பழைய அமெரிக்கக் கண்ணாடிப் பொருள்களைச் சேகரிப்போர் மீது எனக்குப் பகை எதுவும் கிடையாது. தாம் உழைத்த பணத்தில் நூற்றுத் தொண்ணூறு ஆண்டுப் பழமையான மது டிகன்டர் ஒன்றை வாங்கி, அலுமாரியில் வைத்து அழகு பார்ப்பது அவரவர் உரிமை. என் சண்டையெல்லாம் அந்த டிகன்டரின் கழுத்தில் தொங்கும் சிறு சீட்டுடன்தான். “சாண்ட்விச், 1825” என்று அதில் எழுதியிருக்கும். யார் சொன்னது? எதைக்கொண்டு சொன்னது? செய்தி மேசையில் பயிற்சி நிருபரிடம் நாள்தோறும் கேட்கும் இவ்விரு கேள்விகளையும் ஏலக்காரரிடம் கேட்டால் மட்டும் அது அநாகரிகமாகிவிடுகிறது.

மசாசுசெட்ஸ் மாநிலத்தின் சாண்ட்விச் என்னும் சிற்றூரில் டெமிங் ஜார்வஸ் 1825இல் கண்ணாடித் தொழிற்சாலை ஒன்றை நிறுவினார். 1888இல் வேலைநிறுத்தத்தின் பின் அதன் உலைகள் அணைந்தன. அங்கே அழகிய பொருள்கள் செய்யப்பட்டன என்பதில் ஐயமில்லை. ஆனால், அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் தொழிற்சாலையின் பெயர் இல்லை. கீல் பொருத்திய உலோக அச்சுக்குள் உருகிய கண்ணாடியை ஊதி, அச்சைத் திறந்து எடுத்து, மேலும் ஊதி வடிவம் கொடுப்பது அக்கால முறை. விலையுயர்ந்த ஆங்கில, ஐரிஷ் வெட்டுக்கண்ணாடியைப் போலத் தோன்றும் மலிவுப் பொருளை நடுத்தர வீடுகளுக்கு அளிப்பதே நோக்கம். ஏறத்தாழ 1815 முதல் 1835 வரை சாண்ட்விச்சில் மட்டுமன்றி நியூ ஹம்ப்ஷயரின் கீன், கனெக்டிகட்டின் கவன்ரி, ஒஹாயோ எனப் பல இடங்களில் இதே பாணியில் ஊதினார்கள். அப்படியிருக்க, எல்லாப் பெருமையும் ஓரூருக்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது?

இந்த வகைக்குச் சேகரிப்போர் வைத்த பெயரே தவறானது. ‘மூவச்சுக் கண்ணாடி’ என்பார்கள். ஆனால் இரண்டு பாகமும் நான்கு பாகமும் கொண்ட அச்சுகளும் இருந்தன. அதைவிட வேடிக்கை ஒன்றுண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவற்றைப் பென்சில்வேனியாவின் ஹென்றி வில்லியம் ஸ்டீகலின் தலையில் கட்டினார்கள். ஸ்டீகலோ 1774இல் நொடித்துக் கடனாளிச் சிறைக்குப் போனவர். நாற்பது ஆண்டு கழித்து வந்த பாணியை அவர் எங்ஙனம் செய்திருப்பார்? ஜோர்ஜ் மக்கியரினும் ஹெலன் மக்கியரினும் 1941இல் வெளியிட்ட ‘அமெரிக்கன் கிளாஸ்’ என்ற நூலில் வடிவங்களை வகைப்படுத்தி எண்ணிட்ட பின்னரே இத்துறையில் ஓரளவு ஒழுங்கு வந்தது. ஸ்டீகலின் இடத்தில் சாண்ட்விச் அமர்ந்தது. ஆதாரமின்றிப் பெயர் சூட்டும் பழக்கம் போகவில்லை.

தொழிற்சாலை இருந்த நிலத்தைத் தோண்டியபோது கிடைத்த துண்டுகளைச் சான்றாகக் காட்டுவார்கள். ஒரே வடிவத்தின் துண்டுகள் பெருமளவில், அந்த உலையின் கழிவுடன் சேர்ந்து கிடைத்தால் அது நல்ல சான்றுதான். மறுக்கவில்லை. ஆனால் கண்ணாடி உருக்குவோர் வெளியிலிருந்தும் உடைசல்களை வாங்கி உலையில் போடுவது வழக்கம். ஆதலால் ஒன்றிரண்டு சில்லுகள் எதையும் நிறுவா. மேலும், அவ்வடிவம் அங்கும் செய்யப்பட்டது என்று மட்டுமே துண்டுகள் கூறும்; உங்கள் கையிலிருக்கும் டிகன்டர் அங்கே பிறந்தது என்று கூறமாட்டா. பின்னாளில் அழுத்தி வார்க்கப்பட்ட ‘துலிப்’ பூச்சாடிகளுக்கும் இதுவே பொருந்தும்.

சரி, கண்ணாடியிலேயே எழுத்து வார்க்கப்பட்டிருந்தால் நம்பலாமா? ‘ஈ.ஜி. பூஸ்’ என்ற வீட்டு வடிவ விஸ்கிப் போத்தலில் 1840 என்று வார்த்திருக்கும். அது 1860களின் சரக்கு என்பதே ஆய்வாளர் கருத்து. 1930களில் நியூ ஜேர்சியின் கிளெவெஞ்சர் சகோதரர்கள் அதன் பிரதிகளையும் ஊதினார்கள். அவற்றிலும் ஆண்டு 1840தான். பிலடெல்பியாவின் டயட் என்பவர் தம் குப்பியின் ஒரு பக்கத்தில் பென்ஜமின் பிராங்கிளினின் முகத்தையும் மறுபக்கத்தில் தம் முகத்தையும் வார்த்தார். பட்டமின்றியே தம்மை மருத்துவர் என்று அழைத்துக்கொண்ட அவர், பின்னர் வங்கி மோசடிக்காகச் சிறை சென்றார்!

நிறமும் இன்று நம்பத்தக்கதல்ல. மங்கனீஸ் கலந்த நிறமற்ற கண்ணாடியைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தினால் அது ஊதாவாக மாறும். அரிய நிறம் என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்க அதுபோதும்.

பெயர்மீது இத்தனை மோகம் கொண்ட இவ்வுலகில், அச்சின் அருகே குந்தியிருந்து அதைத் திறந்து மூடிய சிறுவர்களின் பெயரை எவரும் தேடுவதில்லை. 1908ஐ ஒட்டிய ஆண்டுகளில் லூவிஸ் ஹைன் கண்ணாடித் தொழிற்சாலைகளில் எடுத்த புகைப்படங்களில் அத்தகைய சிறுவர்களின் முகங்களைக் காணலாம். நமது டிகன்டர்களுக்கு மிகப் பிந்திய படங்கள்தாம். எனினும் முதலாளியின் பெயரால் விலை ஏறும் சந்தையைப் பார்க்கும்போது அம்முகங்களே நினைவுக்கு வருகின்றன.

வாங்க விரும்புவோர் முதலில் விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். வெளியே மேடு இருக்குமிடத்தில் உள்ளே பள்ளம் தட்டுப்பட்டால் அது அச்சில் ஊதியது. உட்புறம் வழவழப்பாயின் உலக்கையால் அழுத்தி வார்த்ததாக இருக்கலாம். அவ்வளவைக் கண்ணாடி தானே சொல்லிவிடும். எஞ்சியதை விற்பவர் எழுத்தில் தரட்டும்: எந்த அகழ்வு, எந்த வடிவ எண், எந்தக் காரணம். இவற்றைத் தர இயலாதவர் “அமெரிக்கா, 1815-1835 அளவில்” என்று மட்டும் எழுதி, அதற்குரிய விலையைக் கேட்கட்டும்.