காக்கி உடுப்பில் வீட்டு வேலை

தமிழ்நாட்டுக் காவல் துறையில், காவலர்களை உயரதிகாரிகளின் வீட்டு வேலைக்கு வைக்கும் ஆர்டர்லி முறை 1979-லேயே ஒழிக்கப்பட்டுவிட்டது. அரசாணை அப்படித்தான் சொல்கிறது. ஆனால் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகு, 2022 ஆகஸ்டில், அந்த அரசாணையை நான்கு மாதங்களுக்குள் நடைமுறைப்படுத்துமாறு சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எஸ்.எம்.சுப்பிரமணியம் உத்தரவிட வேண்டியிருந்தது. இல்லாத ஒன்றை எத்தனை முறை ஒழிப்பது?

எழுத்துத் தேர்வில் தேறி, 1,500 மீட்டர் ஓடி, கயிறு ஏறி, பயிற்சிப் பள்ளியில் மாதக்கணக்கில் கவாத்து பழகி வெளியே வருகிறார் ஓர் இளைஞர். அவரை உயரதிகாரியின் வீட்டில் நாயை நடத்திச் செல்லவும் காய்கறி வாங்கவும் துணி தேய்க்கவும் நிறுத்திவைக்கிறார்கள். சம்பளம் நம் வரிப்பணத்திலிருந்து போகிறது. இங்கே மாவட்டக் காவலுக்கான அடிப்படைச் சட்டம் 1859-இல் வந்தது. கும்பனியிடமிருந்து விக்டோரியா ராணியின் கைக்கு ஆட்சி மாறிய மறு ஆண்டு. துரைமார்கள் போய்விட்டார்கள். பங்களா வழக்கம் மட்டும் போக மறுக்கிறது.

அதிகாரிகள் தரப்பில் ஒரு வாதம் உண்டு: இரவு பகல் பாராத வேலை, வீட்டிலேயே முகாம் அலுவலகம், உதவிக்கு ஆள் வேண்டாமா? வேண்டும். தொலைபேசியை எடுக்கவும் கோப்புகளைக் கவனிக்கவும் அலுவலக உதவியாளரை நியமிக்கலாம். மிரட்டல் இருந்தால் ஆயுதக் காவலும் தரலாம். சமையலுக்கும் தோட்டத்துக்கும் ஆள் தேவையென்றால் சொந்தப் பணத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

இன்னொரு வாதம்தான் நம்மைச் சங்கடப்படுத்துகிறது. காவலர்களில் சிலரே இந்த வேலையை விரும்பிக் கேட்கிறார்கள் என்பார்கள். இருக்கலாம். இரவுப் பாரா இல்லை, வெயிலில் பந்தோபஸ்து இல்லை, நினைத்தபோது ஊருக்குப் போய் வரலாம். அப்படியானால் அது ஆர்டர்லி முறைக்கான நற்சான்று அல்ல. காவல் நிலைய வேலை எவ்வளவு நைந்துகிடக்கிறது என்பதற்கான சாட்சி. வார விடுப்புக்கே 2021-இல்தான் அரசாணை போட்டார்கள். ஆட்களை பங்களாக்களுக்கு அனுப்பிவிட்டு, விடுப்புக் கேட்டால் ஆள் இல்லை என்றால் எப்படி? விருப்பமில்லாதவர் நிலையோ இன்னும் மோசம். 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசின் அனுமதியின்றி அவர் சங்கத்தில் சேர முடியாது. குறையைச் சொல்ல வேண்டிய இடமும் அதே அதிகாரிதான்.

எனவே இன்னுமொரு சுற்றறிக்கையால் பயனில்லை. ஆவணத்தில் ஆர்டர்லி என்ற பணியே கிடையாது. வீட்டு வேலைக்குப் போகிறவரை வேறு பணியின் பெயரில்தான் காட்டியாக வேண்டும். அங்கேதான் கை வைக்க வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் மாநகரிலும் எத்தனை காவலர்கள் எந்தப் பணியில் இருக்கிறார்கள் என்ற பட்டியலை மாதந்தோறும் உள்துறை வெளியிடட்டும். துறைக்கு வெளியிலிருந்து ஒரு தணிக்கைக் குழு அதை நேரில் சரிபார்க்கட்டும். வீட்டு வேலைக்கு வைத்தது உறுதியானால், அந்தக் காவலரின் அத்தனை மாதச் சம்பளத்தையும் அதிகாரியின் ஊதியத்திலிருந்து பிடித்தம் செய்ய இப்போதே அரசாணை வரட்டும்.