துள்ளும் சுடரும் ‘டப்’ என்னும் ஓசையும்

பால் காய்ந்ததும் குமிழைத் திருகி அடுப்பை அணைக்கிறீர்கள். சுடர் மறைந்த அக்கணமே ‘டப்’ என்றோர் ஓசை எழுகின்றது. முதல் நாள் திடுக்கிட்டவர்கள் ஒரு வாரத்தில் அதற்குப் பழகிவிடுகின்றனர். பழகிவிடுவதில்தான் ஆபத்தே இருக்கின்றது. எரிவாயு அடுப்பு காரணமின்றி ஓசை எழுப்புவதில்லை. காரணமின்றி அதன் சுடர் மஞ்சளாவதும் இல்லை. ஆண்மக்கள் பிழைப்புக்காகக் கடல் கடந்து சென்றிருக்க, அடுக்களையின் முழுப் பொறுப்பையும் பெண்களே சுமக்கின்ற இல்லங்கள் நம்மிடையே ஏராளம். எக்குறையை வீட்டிலேயே சரிசெய்யலாம், எதற்கு உடனே ஆளை அழைக்க வேண்டும் என்னும் வேறுபாட்டைச் சகோதரிகள் அறிந்திருத்தல் அவசியம்.

அடுப்பினுள் நடப்பது மிக எளிய காரியம். ரெகுலேட்டரைக் கடந்து ரப்பர் குழாய் வழியாக வரும் வாயு, ஜெட் எனப்படும் ஊசித்துளையிலிருந்து விசையுடன் பீறிடுகின்றது. அந்த விசையே பக்கத்துத் திறப்பின் வழியாகக் காற்றையும் உள்ளே இழுத்துக்கொள்கின்றது. இரண்டும் குழலினுள் கலந்து, பர்னரின் துளைகளில் எரிகின்றன. பள்ளிச் சோதனைச்சாலையில் நாம் கண்ட புன்சன் பர்னரின் தத்துவமும் இதுவே. 1850களில் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் அது உருவானது. ஒரு பங்கு சமையல் வாயு முழுமையாக எரிய ஏறத்தாழ 25 முதல் 30 பங்கு காற்று தேவை. அடுப்பின் நோய்களில் பெரும்பாலானவை இக்கணக்கு பிசகுவதால் வருபவையே.

காற்று குறைந்தால் சுடர் நீலம் இழந்து மஞ்சளாகின்றது. எரியாத கரித்துகள்கள் தணலாய் ஒளிர்வதே அம்மஞ்சள் நிறம். அதே கரிதான் பாத்திரத்தின் அடியில் படிகின்றது. சட்டி கறுத்தால் தேய்த்துக் கழுவுவோமேயன்றி, அடுப்பை நோக்குவோர் சிலரே. (உப்பிட்ட கஞ்சி பொங்கி வழிகையில் தோன்றும் செம்மஞ்சள் பொறிகள் வேறு. அவை உப்பினால் வருபவை, தாமே அடங்கிவிடும்.) மஞ்சள் சுடரில் கரியோடு கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவும் உண்டாகலாம். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. மார்கழிக் குளிருக்கு அஞ்சிச் சன்னல்களையெல்லாம் அடைத்துக்கொண்டு சமைக்கும்போது தலைவலியும் மயக்கமும் தோன்றினால், தூக்கக் குறைவு என்று எண்ணி இருந்துவிடலாகாது. அடுப்பை அணைத்துவிட்டு உடனே வெளிக்காற்றுக்கு வந்துவிட வேண்டும்.

சுடர் ஓரிடத்தில் நில்லாமல் துள்ளுகின்றதா? முதலில் மின்விசிறியை நிறுத்திப் பாருங்கள். பாதி வீடுகளில் வழக்கு அத்தோடு தீர்ந்துவிடும். தீரவில்லையெனில் இரண்டு பர்னர்களையும் ஏற்றிப் பாருங்கள். ஒன்று மட்டும் துள்ளினால் குறை அந்தப் பர்னரிலோ அதன் ஜெட்டிலோ இருக்கின்றது. இரண்டும் சேர்ந்து துள்ளினால் இரண்டுக்கும் பொதுவான வழியில், அதாவது ரப்பர் குழாயிலோ ரெகுலேட்டரிலோ கோளாறு இருக்கலாம். குழாய் மடிந்தோ, ஏதேனும் ஒரு டப்பாவின் அடியில் நசுங்கியோ கிடக்கின்றதா என்று பார்க்கலாம். ரெகுலேட்டரைக் கழற்றி ஆராய்வது நம் வேலையன்று.

வாயு தீரும் தறுவாயிலும் சுடர் சோர்ந்து நடுங்குவதுண்டு. அப்போது சிலிண்டரைப் படுக்க வைத்தும், அதன்மீது வெந்நீர் ஊற்றியும் கடைசிச் சொட்டுவரை எரிக்க முயல்வோர் உளர். சிக்கனம் நல்ல குணம்தான். ஆனால் படுக்க வைத்த சிலிண்டரிலிருந்து வாயுவுக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் புகுந்துவிடக்கூடும். திரவம் வாயுவாகும்போது பன்மடங்கு பெருகுமாதலால் சுடர் ஆளுயரம் எழும்ப இடமுண்டு. ஓர் ஆணம் கொதிக்கும் நேரத்து வாயுவுக்காக இத்தனை பெரிய துணிச்சல் வேண்டியதில்லை.

இனி அந்த ‘டப்’ ஓசை. கலவை வெளிவரும் வேகத்தைவிடச் சுடர் எரியும் வேகம் மிஞ்சினால், தீ துளை வழியாகப் பின்வாங்கிக் குழலுக்குள் பாய்கின்றது. அணைக்கும்போது வாயு குறைவதால் அந்நேரத்தில் இது நிகழ்கின்றது. பர்னரின் மூடி சரியாக அமராதிருத்தல், கழுவியபின் ஈரம் உலராதிருத்தல், தேய்ந்து துளைகள் பெரிதாகிவிடுதல் ஆகியவை இதற்குக் காரணங்களாகும். முதலிரண்டையும் நாமே சரிசெய்யலாம். தேய்ந்த பர்னரை மாற்றத்தான் வேண்டும். ஓசையோடு தீ உள்ளேயே நின்று எரிந்தால் குமிழை உடனே மூடி, அடுப்பு ஆறும்வரை மீண்டும் பற்றவைக்கலாகாது. இதற்கு மாறாக, சுடர் பர்னரைவிட்டு மேலெழும்பிச் சீறினால் கலவையின் வேகம் மிகுந்துவிட்டதென்று பொருள்.

பர்னரின் துளைகளை நாரால் தேய்த்துச் சுத்தம் செய்வதில் குற்றமில்லை. ஜெட்டில் மட்டும் ஊக்கையோ தையல் ஊசியையோ நுழைக்க வேண்டாம். அளந்து இடப்பட்ட அந்தத் துளை இம்மியளவு பெருத்தாலும் வாயு மிகுந்து, மஞ்சள் சுடர் நிரந்தரமாகிவிடும். உம்ராவுக்கோ ஊருக்கோ சென்று பலநாள் கழித்துத் திரும்பியவர்கள் அடுப்பின் அடியிலுள்ள காற்றுத் திறப்பையும் நோக்க வேண்டும். சிலந்திக்குக் கூடு கட்ட அதைவிட வாய்ப்பான இடம் கிடைக்காது.

இதுவரை கூறியவை அடுப்பு எரியும்போதும் அணைக்கும்போதும் எழும் ஓசைகள். அடுப்பு அணைந்து வெகுநேரம் கழித்தும் சிலிண்டரின் பக்கத்திலிருந்து ‘உஸ்’ என்ற ஓசை கேட்டால் அது கசிவென்றே கொள்ள வேண்டும். இயல்பாக மணமற்ற இவ்வாயுவில், கசிவை மூக்கு உணரட்டும் என்றே எத்தில் மெர்கேப்டன் என்னும் நாற்றப் பொருளைச் சேர்க்கின்றனர். காற்றைவிடக் கனமானதாகையால் வாயு தரையோரமாகவே தவழ்ந்து தேங்கும். அது காற்றில் நூற்றுக்கு 2 பங்கு கலந்தாலே ஒரு பொறி போதும், தீப்பற்றிக்கொள்ள.

நோன்பு நாட்களில் சஹருக்கு அரைத்தூக்கத்தில் எழுந்து அடுக்களைக்குள் நுழைபவரின் கை முதலில் நாடுவது விளக்கின் சுவிட்சையன்றோ? அந்தச் சிறு பொறியே போதுமானது. நாற்றம் வந்தால் எந்தச் சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். குமிழையும் ரெகுலேட்டரையும் மூடி, கதவையும் சன்னலையும் விரியத் திறந்து, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியேறி, தொலைவில் நின்று 1906 என்ற அவசர எண்ணுக்குத் தெரிவியுங்கள். உறங்குமுன் வீட்டு நெருப்பை விட்டுவைக்கலாகாது என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் அறிவோம். இக்காலத்தில் இரவு ரெகுலேட்டரை மூடுவதும் அதில் அடங்கும்.

இலேசான ஐயம் மட்டுமே எனில், மூடிவைத்துக் காற்றோட்டம் வந்தபின் இணைப்புகளில் சோப்பு நுரையைப் பூசி, ஆளை வரவழைத்துத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். குமிழி எழுமிடமே கசிவு. தீக்குச்சி கிழித்துச் சோதிப்பவரை அடுக்களைக்குள் விடாதீர்கள். அவர் வந்திருக்கும்போதே, எலி கடிக்காவண்ணம் கம்பி பொதிந்த செம்மஞ்சள் குழாயில் அச்சிட்டிருக்கும் ஆண்டையும் பார்த்துவிடுங்கள். 5 ஆண்டு கடந்திருந்தால், பார்வைக்குப் புதிதாக இருப்பினும் மாற்றிவிடலாம்.