வெள்ளெழுத்தும் மடிக்கணினித் திரையும்

நாற்பதைக் கடந்தார்க்கு வெள்ளெழுத்து வருதல் இயற்கை. கண்ணின் வில்லை தன் நெகிழ்ச்சியை இழக்க, கிட்டவுள்ள எழுத்து மங்குகின்றது. அதற்கு மூக்குக்கண்ணாடி வேண்டுமென்பதை யாவரும் அறிவர். மடிக்கணினி வாங்குமிடத்தும் கண்ணை நினைத்தல் வேண்டுமென்பதை அறிந்தோர் சிலரே.

இன்று நம் வீடுகளில் மடிக்கணினி பிள்ளைகளின் பாடத்துக்கு மட்டும் உரியதன்று. 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகமோ, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகப் படமாக்கி, எவரும் கட்டணமின்றிப் படிக்குமாறு இணையத்தில் வைத்துள்ளது. ஏடு வீடு தேடி வந்துவிட்டது. வீட்டிலுள்ள பெரியவர் அதனைப் படிக்க இயலாவிடின் வந்தும் பயன் யாது?

கணினித் திரை நுண்ணிய புள்ளிகளாலாயது. அப்புள்ளிகளின் தொகையையே தெளிவுத்திறன் என்கின்றோம். 15.6 அங்குலத் திரையொன்றில் அகலத்தில் 1366, உயரத்தில் 768 புள்ளிகள் இருப்பின், ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 100 புள்ளிகள் அமையும். அதே அளவுத் திரையில் 1920, 1080 என இருப்பின் 141 அமையும். புள்ளிகள் நெருங்க நெருங்க எழுத்தின் விளிம்பு செம்மையுறும். தமிழுக்கு இது மிக வேண்டுவது. ஓலைச்சுவடிகளிற் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. படிப்போர் இடமறிந்து உணர்ந்தனர். திரையிலும் அவ்வாறு புள்ளியைத் தேடவேண்டுமா? ணகரமும் னகரமும் மயங்கவேண்டுமா?

ஆயினும் இங்கு ஓர் இடர் உண்டு. புள்ளிகள் சிறுத்தால், அவற்றால் ஆகிய எழுத்தும் சிறுக்கும். உடனே பலர் தெளிவுத்திறனைக் குறைத்துவிடுகின்றனர். எழுத்துப் பெருக்கின்றது, ஆனால் புள்ளிகள் ஒன்றோடொன்று பொருந்தாமையால் அனைத்தும் கலங்கித் தோன்றுகின்றது. நல்ல திரைக்குக் கொடுத்த பணமும் வீணாகின்றது.

செய்யத்தக்கது வேறு. தெளிவுத்திறனைத் திரைக்கு இயல்பாயுள்ள அளவிலேயே விட்டுவிடுங்கள். விண்டோஸ் கணினியாயின், திரை அமைப்பில் ‘ஸ்கேல்’ என்னுமிடத்தில் 125 அல்லது 150 விழுக்காட்டைத் தெரிவு செய்யுங்கள். எழுத்துப் பெருக்கும், தெளிவும் குன்றாது. இணையப் பக்கத்தை மட்டும் பெருப்பிக்க, ‘கன்ட்ரோல்’ விசையை அழுத்தியபடி கூட்டல் விசையைத் தட்டினாற் போதும்.

வாங்கச் செல்லும்போது, விலைப்பட்டியலை மட்டும் நம்பாது, கணினியைப் பயன்படுத்தப் போகும் பெரியவரையே உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் மூக்குக்கண்ணாடியை அணிந்து, வீட்டில் இருப்பது போலவே அமர்ந்து, திரையிலே தமிழ்ப் பத்திரிகையின் ஒரு பக்கத்தை வாசிக்கட்டும். முகத்தைத் திரையருகே கொண்டு செல்லாமல், கண்ணைச் சுருக்காமல், அவர் நான்கு பந்திகளை வாசித்து முடித்தாராயின், அக்கணினியைத் தயங்காது வாங்கலாம்.