திடல் காட்டும் கண்ணாடி

ஒரு சமுதாயம் எதைப் போற்றுகிறது, எதை இகழ்கிறது என்பதை அறிய அதன் விளையாட்டுத் திடலருகே சிறிது நேரம் நின்றாலே போதும். எவர் ஓடுகின்றனர், எவர் வேலிக்கு வெளியே நிற்கின்றனர், தோற்ற பிள்ளையிடம் பெரியோர் என்ன கூறுகின்றனர் என்பவற்றில் அச்சமுதாயத்தின் உள்ளம் தெரிந்துவிடும். திடல் நம்மைக் காட்டும் கண்ணாடி. நம் பிள்ளைகளைச் செதுக்கும் உளியும் அதுவே.

1980 ஏப்ரல் திங்களில், கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில், மலேசியக் காற்பந்துக் குழு தென் கொரியாவை 2–1 எனும் கோல் கணக்கில் வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றது. குழுத் தலைவர் சோ சின் ஆன். தற்காப்பில் சந்தோக் சிங். கோல் காவலர் ஆறுமுகம். ஹசான் சானி அளித்த பந்தை வெற்றிக் கோலாக்கியவர் ஜேம்ஸ் வோங். ஆப்கானிஸ்தானில் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்து நம் நாடு அவ்வொலிம்பிக்கைப் புறக்கணித்தது. மாஸ்கோ செல்லாவிடினும் அக்குழுவை மக்கள் இன்றும் மறந்தாரில்லை. பல இனத்தார் ஒரே சட்டை அணிந்து ஒருவரையொருவர் நம்பி ஆடியதில் நாடு தன் நல்ல முகத்தைக் கண்டது.

இனி நம் தோட்டத்துத் திடலை நோக்குவோம். “விளையாட்டு படிப்பைக் கெடுக்கும்” என்போர் நம்மிடையே உளர். 1966 பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், அஞ்சலோட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்ற மா. ஜெகதீசன் ஒரு மருத்துவர். 1968இல் மெக்சிகோவில் அவர் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடிய தேசியச் சாதனை 2017 வரை நிலைத்தது. திடலில் கற்ற ஒழுங்கு ஏட்டுக் கல்விக்குப் பகையன்று.

பெண்பிள்ளை ஐந்தாம் ஆண்டை எட்டியதும் “இனிப் பயிற்சிக்கு வரமாட்டாள்” என்று சொல்லியனுப்பும் வழக்கமே நம்மைப் பெரிதும் வருத்துகிறது. அதே 1966ஆம் ஆண்டுப் போட்டியில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றவர் தாப்பாவைச் சேர்ந்த ம. ராஜமணி எனும் தமிழ்ப் பெண். அவர் வீட்டாரும் ஊராரின் பேச்சுக்கு அஞ்சியிருந்தால் அப்பதக்கம் நாட்டிற்குக் கிட்டியிராது. விடியுமுன் தாய்மார் ஆடவரோடு பால்மரக் காட்டிற்குச் சென்று உழைத்த தோட்டம் இது. அத்தாயின் மகள் திடலில் ஓடுவதில் மட்டும் என்ன இழுக்கு உண்டு?

பெற்றோரே! போட்டி நாளில் பிள்ளைகள் உங்களையும் கவனிக்கின்றனர். நடுவரை ஏசினால், ஏசக் கற்பர். இறுதியாக வந்த பிள்ளைக்கும் கைதட்டினால், முயற்சியை மதிக்கக் கற்பர். மாணவச் செல்வங்களே! விதியை மீறிப் பெறும் கோப்பையினும் நேர்மையோடு ஏற்கும் தோல்வி மேலானது.

எந்தப் பிள்ளையையும் வேலிக்கு வெளியே நிறுத்தாதிருப்போம். மகனோடு மகளையும் திடலுக்கு அனுப்புவோம். நற்சமுதாயம் தானே உருவாகும்.