கடன்பட்டவரின் அறியாமையா, கடனின் அமைப்பா?

ஒரு குடும்பம் கடனில் சிக்கிவிட்டால் உடனே எழும் விளக்கம், ‘அவர்களுக்கு நிதி அறிவு போதவில்லை’ என்பதே. இது பாதி உண்மை. மறுபாதி பேசப்படாததால் பழி முழுவதும் கடன் வாங்கியவர்மீதே விழுகிறது.

அந்தப் பாதி உண்மையை முதலில் ஏற்க வேண்டும். தேசிய நிதிக் கல்வி மையத்தின் 2019 ஆய்வில், வயதுவந்தோருள் சுமார் 27 விழுக்காட்டினரே நிதி அறிவுடையோராகக் கணிக்கப்பட்டனர். இக்குறைக்கு ஒரு விலை உண்டு. 12 விழுக்காடு ‘பிளாட்’ வட்டியில், ஓராண்டுத் தவணையில் 1,00,000 ரூபாய் கடன் பெறுபவர் மாதம் சுமார் 9,333 ரூபாய் கட்டுகிறார். அசல் மாதந்தோறும் குறைந்துவர, வட்டியோ தொடக்கத் தொகை முழுவதற்கும் விதிக்கப்படுகிறது. குறையும் நிலுவையின்மீது கணக்கிட்டால் உண்மையான ஆண்டு வட்டி ஏறத்தாழ 21.5 விழுக்காடு. இக்கணக்கை அறிந்தவர் வேறு கடனைத் தேடியிருக்கக்கூடும்.

ஆயினும் அறிந்தவர் எல்லாரும் அறிந்தபடி நடப்பதில்லை. பெர்னாண்டஸ், லிஞ்ச், நெட்மேயர் ஆகியோர் 168 ஆய்வுக்கட்டுரைகளைத் தொகுத்து 2014-இல் வெளியிட்ட பகுப்பாய்வு, நிதிக் கல்விப் பயிற்சிகள் நிதி நடத்தையின் வேறுபாட்டில் 0.1 விழுக்காட்டையே விளக்குகின்றன என்று காட்டியது. கற்றது காலப்போக்கில் மங்கிவிடுகிறது என்பதும் அதன் முடிவு.

இதற்கு ஒரு காரணத்தைத் தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளிடம் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வு உணர்த்துகிறது. அதே விவசாயிகள் அறுவடைக்கு முன் பணமுடையில் இருந்தபோது, அறிவுத்திறன் சோதனைகளில் அறுவடைக்குப் பின் பெற்றதைவிடக் குறைவாகவே பெற்றனர். மனிதர் மாறவில்லை; முடைதான் மாறியது. மருத்துவச் செலவு வாசலில் நிற்கும்போது, வட்டி எவ்வளவு என்பதைவிடப் பணம் இன்றே கிடைக்குமா என்பதே முதற்கேள்வியாகிறது. விரைவாகக் கிடைக்கும் கடனுக்கு அதிக வட்டி தரச் சம்மதிப்பதை அறியாமை என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

எனவே விளக்கும் கடமை கடன் தருபவருக்கும் உண்டு. ரிசர்வ் வங்கி 2024 அக்டோபர் 1 முதல், தன் கட்டுப்பாட்டிலுள்ள நிறுவனங்கள் தரும் சில்லறைக் கடன்களுக்கு, எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதத்துடன் முக்கிய விவர அறிக்கை தரவேண்டும் என்று விதித்தது சரியான திசை. முடிவெடுக்கும் தருணத்தில் கண்முன் நிற்கும் ஓர் எண், என்றோ கேட்ட வகுப்பைவிடப் பயன்தரும். ஆனால் அதன் எல்லையும் தெளிவு. தேசிய மாதிரி ஆய்வின் 2019 கணக்கெடுப்பில், கிராமப்புறக் குடும்பங்களின் நிலுவைக் கடனில் சுமார் 34 விழுக்காடு நிறுவனம் சாராதது. வட்டிக்காரரிடம் வாங்கும் கடனுக்கு அவ்வறிக்கை கிடையாது.

ஆய்வாளர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. நிதி அறிவு மதிப்பெண்ணையும் கடன் சுமையையும் ஒரே நேரத்தில் அளந்து, முன்னதே பின்னதற்குக் காரணம் என்று முடிவுகட்டுவது போதாது. கடன்பட்ட அனுபவமே வட்டியைக் கற்பித்திருக்கலாம். வருமானமும் கல்வியும் இரண்டையும் தீர்மானித்திருக்கலாம். வினாத்தாளில் இன்னொரு கேள்வி இடம்பெற வேண்டும்: ‘அன்று உங்களுக்கு வேறு எங்கே கடன் கிடைத்திருக்கும்?’ அதற்கு ‘எங்கும் இல்லை’ என்று விடையளிக்கும் குடும்பத்திற்கு முதலில் தேவைப்படுவது பாடமன்று. நியாயமான வட்டியில் உரிய நேரத்தில் கிடைக்கும் கடன்.