கடைசி பெஞ்ச்ல தாளம் தட்டுறது யாரு?

டிசம்பர் வந்தா போதும், ராயபுரம், காசிமேடு, எண்ணூர் பக்கத்துப் பசங்களைக் கேன்டீன்ல பார்க்கவே முடியாது. கொயர் பிராக்டிஸ், குடில் வேலை, ஸ்டார் கட்டுறதுன்னு சர்ச்லயே குடியிருப்பீங்க. இந்த வாரம் உங்ககிட்டதான் பேச்சு.

நான் கொயரைக் கவனிச்சுக்கிட்ட வருஷம் ஒரு பையன் இருந்தான். ஸ்பீக்கர் தூக்குவான், ஒயர் இழுப்பான், நாற்காலி போடுவான். பிராக்டிஸ் நடக்கும்போது கடைசி பெஞ்ச்ல விரலால கானா தாளம் தட்டிக்கிட்டே இருப்பான். "டேய், சர்ச்ல என்னடா இது?"ன்னு ஒருநாள் எல்லார் முன்னாலயும் அதட்டிட்டேன். அடுத்த வாரம் ஸ்பீக்கரை நாங்கதான் தூக்கினோம். அவன் வரலை. ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு கச்சேரி மேடையில டிரம்ஸ் வாசிச்சுக்கிட்டிருந்தான். என்னைப் பார்த்துச் சிரிச்சுக் கை ஆட்டினான். எனக்குத்தான் முகத்தை எங்க வச்சுக்கிறதுன்னு தெரியலை.

கானான்னா சாவு வீட்டுப் பாட்டு, அது கோயிலுக்குள்ள ஆகாதுங்கிற நெனப்பு என் மண்டையிலயும் இருந்திருக்கு. பறைக்கும் இதே கதிதான். அந்தப் பறையையும் நாட்டுப்புற மெட்டையும் வழிபாட்டுக்குள்ள கூட்டிட்டு வந்தவர் தெயோபிலஸ் அப்பாவு. மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில ஆசிரியர். ஊருக்கெல்லாம் 'பறட்டை அண்ணன்'. 2005-ல காலமானார். அவர்கிட்ட எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு உண்டு. தான் போட்ட பாட்டை கிராமத்து ஜனங்க மாத்திப் பாடினா கோவிச்சுக்க மாட்டார். மாத்தணும்கிறதுதான் அவர் கட்சியே! கீர்த்தனையும் ஞானப்பாட்டும் வராதுன்னு ஓரமா நின்னவங்க, அங்க பாட்டு கட்டுறவங்களா ஆனாங்க.

"யாருக்குப் பாட வரும், கை தூக்குங்க"ன்னு கேட்டா, தைரியம் உள்ளவன்தான் தூக்குவான். மத்தவன் ஒயர் சுத்திக்கிட்டிருப்பான். அதனால கேட்காதீங்க, பாருங்க. குடிலுக்கு தெர்மாகோல் வெட்டுற பொண்ணோட கையைப் பாருங்க. சண்டே கிளாஸ் வாண்டுகளுக்கு வாயைப் பிளக்கிற மாதிரி கதை சொல்றவனைப் பாருங்க. (அவன் காலேஜ்ல வாயே திறக்க மாட்டான்!)

கண்டுபிடிச்சாச்சா? கைதட்டி விட்டுடாதீங்க. ஒரு முழு வேலையை ஒப்படைங்க. கிறிஸ்துமஸ் நாடகமோ ஒரு பாட்டோ, முதல்ல இருந்து கடைசி வரை அவங்க பொறுப்பு. நடுவுல போய் மூக்கை நுழைக்காதீங்க. சொதப்பினா ஃபாதர்கிட்ட திட்டு வாங்க நீங்க முன்னாடி நில்லுங்க. அதுக்காக நல்லா செய்யறான்னு எல்லா வேலையையும் அவன் தலையிலேயே கட்டினா, செமஸ்டர்ல அரியர்தான் விழும்.

நம்ம ராயபுரம் பேர்ல இருக்கிற ராயப்பர், அதாங்க பீட்டர், வலை வீசிக்கிட்டிருந்த மீனவர்தானே. அவர் பேர்ல நிக்கிற கோயிலும் 1820-கள்ல படகோட்டிகள் காசு போட்டுக் கட்டினது.

இந்த ஞாயிறு பிராக்டிஸ்ல கொஞ்ச நேரம் கடைசி பெஞ்ச்ல போய் உட்காருங்க. நான் அந்தப் பையனோட நம்பரை விசாரிச்சுக்கிட்டிருக்கேன்.